சுடுநீர்க் கருவி: உடனடி வகையா, தொட்டி வகையா?

சுடுநீர்க் கருவி வாங்கப் போகும் குடும்பம் கடையில் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் "என்ன விலை?" என்பதுதான். அடுத்தது, "கரண்டு பில் எவ்வளவு ஏறும்?" பிறகு, பெட்டியின் நிறமும் வடிவமும் குளியலறைக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார்கள். இவை அனைத்தும் நியாயமான கேள்விகளே. ஆனால், தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கின்ற ஒரு பொருளை வாங்கும்போது, முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் வீட்டு மின்கம்பி இதைத் தாங்குமா? கசிவு ஏற்பட்டால் மின்சாரம் தானாகவே நின்றுவிடுமா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எந்த வகையை வாங்கினாலும் அது நல்ல தேர்வாகாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுக் குளியலறைகளில் இரண்டு வகைக் கருவிகள் அதிகம் பயன்படுகின்றன. ஒன்று, குழாயைத் திறந்ததும் சூடேற்றித் தரும் உடனடி வகை. மற்றொன்று, முன்கூட்டியே சூடேற்றிச் சேமித்து வைக்கும் தொட்டி வகை. "உடனடி வகைதான் சிக்கனம்" என்று ஒரு தரப்பு வாதாடும். "தொட்டி வகைதான் சுகம்" என்று மறு தரப்பு மறுக்கும். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. எந்த உண்மை நம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

தோட்டப்புற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வெந்நீர் அண்டா நினைவிருக்கும். விறகு அடுப்பில் அண்டாவை ஏற்றி, கொதிக்க வைத்து, வாளியில் பச்சைத் தண்ணீருடன் விளாவிக் குளிப்பார்கள். தொட்டி வகைக் கருவியும் அடிப்படையில் அந்த அண்டாதான். 15 அல்லது 25 லிட்டர் தண்ணீர் ஒரு மூடிய கலனில் இருக்கும். உள்ளே இருக்கும் மின்சுருள் அதைச் சூடேற்றும். வெப்பம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். கலனைச் சுற்றியுள்ள நுரைப் போர்வை சூடு வெளியேறாமல் காக்கும்.

உடனடி வகையில் அண்டா கிடையாது. உள்ளங்கை அளவு கலன் ஒன்று மட்டுமே உண்டு. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் ஓட்ட சுவிட்ச் மின்சுருளை இயக்கும். தண்ணீர் கடந்து போகும் சில விநாடிகளில் சூடேறிவிடும். குழாயை மூடினால் மின்சாரமும் நின்றுவிடும். காத்திருக்கத் தேவையில்லை, தண்ணீர் தீர்ந்துபோகும் என்ற கவலையும் இல்லை. ஆனால், சில விநாடிகளில் சூடேற்ற வேண்டியிருப்பதால் அதற்கு வலுவான மின்சாரம் தேவை. வீடுகளில் பொருத்தப்படும் உடனடி வகைக் கருவிகள் பொதுவாக 3.3 முதல் 3.8 கிலோவாட் வரை சக்தி கொண்டவை.

கணக்கு என்ன சொல்கிறது?

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸ். இதமான குளியலுக்கு 38 டிகிரி போதும். அதாவது 10 டிகிரி மட்டுமே ஏற்ற வேண்டும். 3.5 கிலோவாட் கருவி ஒரு நிமிடத்தில் 5 லிட்டர் தண்ணீரை இந்த அளவுக்குச் சூடேற்றும். சாதாரண கைப்பிடி ஷவருக்கு இது தாராளமாகப் போதும்.

அதே கருவியைக் கேமரன் மலையில் உள்ள ஒரு வீட்டில் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். அதிகாலையில் அங்குக் குழாய்த் தண்ணீர் 18 டிகிரி என்றால், 20 டிகிரி ஏற்ற வேண்டும். இப்போது நிமிடத்திற்கு 2.5 லிட்டர் மட்டுமே கிடைக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டு நூல்போல் விழும் தண்ணீரில் குளிக்க யார்தான் விரும்புவார்கள்? குழாயை அதிகமாகத் திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். இது கருவியின் குறையன்று. அதன் சக்திக்கு உள்ள எல்லை.

தொட்டி வகையின் கணக்கு வேறு. 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரமும், சுமார் 20 நிமிடமும் பிடிக்கும். அந்த 60 டிகிரி நீரைக் குழாய் நீருடன் விளாவினால், கணக்குப்படி 80 லிட்டர் குளியல் நீர் கிடைக்க வேண்டும். நடைமுறையில், வெந்நீர் வெளியேறும்போதே பச்சைத் தண்ணீர் உள்ளே புகுவதால், 70 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்திற்கு 10 லிட்டர் கொட்டும் பெரிய மழை ஷவர் என்றால் 7 நிமிடம் வரும். சாதாரண ஷவர் என்றால் அதைப் போல் இரு மடங்கு நேரம் வரும்.

இங்கே தீபாவளிக் காலையை நினைத்துப் பார்க்கலாம். விடியற்காலையிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆறு பேர் குளியலறை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். தொட்டி வகை இருக்கும் வீட்டில் முதல் ஓரிருவருக்கு நல்ல வெந்நீர் கிடைக்கும். அடுத்தவர் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது பச்சைத் தண்ணீரில் முழுக வேண்டும். உடனடி வகை இருக்கும் வீட்டில் ஆறாவது ஆளுக்கும் அதே சூடு. ஆனால், ஒரே நேரத்தில் இரண்டு குளியலறைகளைப் பயன்படுத்தினால் நிலைமை மாறுகிறது. இரண்டு உடனடிக் கருவிகள் சேர்ந்து ஏறக்குறைய 30 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். 40 ஆம்பியர் மெயின் சுவிட்ச் உள்ள அடுக்குமாடி வீட்டில், அந்நேரம் குளிர்சாதனமும் மின்கெண்டியும் ஓடினால் வீடே இருண்டுவிடலாம்.

மின்கட்டணம் எதில் குறைவு?

ஒரு லிட்டர் தண்ணீரை 10 டிகிரி சூடேற்றத் தேவையான ஆற்றல், எந்தக் கருவியில் ஏற்றினாலும் ஒன்றுதான். இரண்டு வகையிலும் மின்சுருள் தண்ணீருக்குள் இருப்பதால், மின்சாரம் முழுவதும் சூடாகவே மாறுகிறது. ஆகவே, "அதிக வாட், அதிக பில்" என்று பெட்டியைப் பார்த்து முடிவுக்கு வருவது சரியன்று. 3.5 கிலோவாட் உடனடிக் கருவியில் ஒருவர் 10 நிமிடம் குளித்தால் 0.6 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். ஒரு யூனிட் 40 காசு என்று வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 23 காசு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஒவ்வொருவரும் தினமும் ஒரு முறை இப்படிக் குளித்தால் மாதத்திற்கு 35 வெள்ளி ஆகும். ஒவ்வொருவரும் 3 நிமிடம் குறைத்துக்கொண்டால் அதில் 10 வெள்ளி மிச்சமாகும்.

தொட்டி வகையில் செலவு கூடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சுவிட்சை நாள் முழுக்க நிறுத்தாமல் விடுவது. யாரும் குளிக்காத நேரத்திலும் தொட்டியின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். தெர்மோஸ்டாட் மீண்டும் மீண்டும் சூடேற்றும். ஒரு நாளைக்கு அரை யூனிட் இப்படி வீணானாலும் ஆண்டுக்கு 180 யூனிட்டுக்கு மேல் போய்விடும். இரண்டாவது, தண்ணீர் தாராளமாகக் கொட்டுவதால் கூடுதலாகச் செலவழிப்பது. இரண்டும் கருவியின் குற்றமல்ல. பழக்கத்தின் குற்றம். 20 நிமிடத்திற்கு முன் சுவிட்சைப் போட்டு, குளிக்கும் முன் நிறுத்திவிடும் குடும்பத்திற்கு இரு வகையும் செலவில் ஏறக்குறைய ஒன்றுதான்.

தண்ணீரின் வேகம்

மலேசியாவின் பல வரிசை வீடுகளில் கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டியிலிருந்துதான் குளியலறைக்குத் தண்ணீர் வருகிறது. மாடியில் உள்ள குளியலறைக்கும் தொட்டிக்கும் இடையே அதிக உயரம் இருக்காது. ஒரு மீட்டர் உயரத்திற்கு அழுத்தம் 0.1 பார் மட்டுமே. அழுத்தம் குறைவாக இருந்தால் உடனடிக் கருவியின் ஓட்ட சுவிட்ச் இயங்காது. விளக்கு எரியும், தண்ணீர் சூடாகாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுபவர்களும் உண்டு. இத்தகைய வீடுகளுக்குப் பம்பு இணைக்கப்பட்ட உடனடிக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடனடி வகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால், ஷவரில் தண்ணீரின் வேகம் குறையும். அதே மின்சாரம் குறைந்த தண்ணீரைச் சூடேற்றுவதால் திடீரென்று சூடு ஏறும். வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால், சூட்டைச் சீராக வைத்திருக்கும் வசதி கொண்ட கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

தொட்டிக்குள் இருக்கும் பொறுப்பு

தொட்டி வகையை வாங்குபவர்கள் அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள். தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரியை எட்டும்போது, ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு அதன் கன அளவு கூடிவிடும். மூடிய கலனில் அந்தக் கூடுதல் நீருக்கு இடமில்லை. அதற்காகத்தான் பாதுகாப்பு வால்வு பொருத்தப்படுகிறது. சூடேறும்போது அந்த வால்விலிருந்து சில சொட்டுகள் வடிவது இயல்பு. அது ஒழுகுகிறது என்று எண்ணி அடைத்துவிடுவது பேராபத்து. தெர்மோஸ்டாட் பழுதாகி, வால்வும் அடைபட்டிருந்தால், அழுத்தம் ஏறி ஏறிக் கலன் வெடிக்கக்கூடும்.

பல கருவிகளில் கலனைத் துருப்பிடிக்காமல் காக்க உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும். துரு முதலில் அந்தக் கம்பியைத்தான் தின்னும். கம்பி முழுவதும் கரைந்துவிட்டால் அடுத்தது கலனின் முறை. ஆகவே, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைச் சோதித்து மாற்ற வேண்டும். எடையையும் மறந்துவிடக்கூடாது. 25 லிட்டர் தண்ணீரே 25 கிலோ. அதனுடன் கருவியின் எடையும் சேரும். கனமான செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில்தான் அதை மாட்ட வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவர் தாங்காது.

60 டிகிரி: நன்மையும் தீமையும்

தொட்டியின் வெப்பத்தை 40 டிகிரியில் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான நீரில், குறிப்பாக 20 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பத்தில், லீஜியனெல்லா என்ற கிருமி வளரக்கூடும். அந்த நீர்த்துளிகளைச் சுவாசித்தால் கடுமையான நிமோனியா காய்ச்சல் வரலாம். 60 டிகிரியில் இக்கிருமி மடிந்துவிடும். எனவே, தொட்டியில் 60 டிகிரி, குழாயில் விளாவிய நீர் என்பதே முறை. நீண்ட விடுமுறைக்குப் பிறகு வீடு திரும்பினால், தொட்டியை முழுமையாகச் சூடேற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆனால், அதே 60 டிகிரி நீர் ஆரோக்கியமான பெரியவரின் தோலையே சுமார் 5 விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கால் வெந்துகொண்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. சிறு கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் காலையே இழக்கும் நிலை வரலாம். இத்தகையோர் இருக்கும் வீட்டில் தொட்டி வகை பொருத்தினால், சூட்டைக் கட்டுப்படுத்தும் கலவை வால்வையும் சேர்த்தே பொருத்த வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், குளிக்கும் முன் முழங்கையால் தொட்டுப் பார்த்தல் என்ற பழக்கமும் அவசியம்.

உயிர் காக்கும் சிறு பொத்தான்

இனி, முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். சுவிட்ச் பெட்டியில் இருக்கும் சாதாரண பிரேக்கர் தங்களைக் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அது காப்பது கம்பியை, மனிதனை அல்ல. 3.5 கிலோவாட் கருவி இயல்பாகவே 15 ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். ஒரு மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்க ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் போதும். அதாவது, கருவி எடுக்கும் மின்சாரத்தில் 500-இல் ஒரு பங்கு. 20 ஆம்பியர் பிரேக்கருக்கு இந்தச் சிறு கசிவு தெரியவே தெரியாது.

அதைக் கண்டுபிடிப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். பழைய வழக்கில் இ.எல்.சி.பி. என்பார்கள். கருவிக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால், கசிகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அது துண்டித்துவிடும். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால், மின்சுருளில் ஓட்டை விழுந்த உடனே கசிவு மண்ணுக்குப் போய், மனிதன் தொடுவதற்கு முன்பே துண்டிப்பான் இயங்கிவிடும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் முழுமையான காப்பு.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும் என்கின்றன. சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இத்தகைய துண்டிப்பான் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கும் 2023 ஜூலையில் விதி விரிவுபடுத்தப்பட்டு, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை முதல் தேதி வரை அவகாசம் தரப்பட்டது.

கருவிக்குள்ளேயே துண்டிப்பான் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. அது தனக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டுமே காக்கும். சுவரிலிருந்து கருவிக்கு வரும் கம்பியிலோ இணைப்பு முனையிலோ கோளாறு வந்தால் அதற்குத் தெரியாது. சுவிட்ச் பெட்டியிலும் ஒன்று இருக்க வேண்டும்.

இடி மின்னல் அதிகமுள்ள நம் நாட்டில், மழை பெய்தாலே துண்டிப்பான் விழுந்துவிடுகிறது என்று சலித்துக்கொண்டு, அதை அகற்றி நேரடியாகக் கம்பியை இணைக்கும் வேலையும் நடக்கிறது. அது வாசல் காவலாளி குரல் கொடுத்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்குவதற்குச் சமம். அடிக்கடி விழுந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே தவிர, துண்டிப்பானை அகற்றக்கூடாது. இடி இடிக்கும் நேரத்தில் குளிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் தொட்டி வகைக்கு ஓர் அனுகூலம் உண்டு. சூடேற்றி முடித்து, வெளியே உள்ள சுவிட்சை முழுமையாக நிறுத்திவிட்டுக் குளிக்கலாம். தண்ணீர் மேலே விழும்போது கருவியில் மின்சாரமே இருக்காது. உடனடி வகையில் அது முடியாது. குளிக்கும் நேரம் முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே, உடனடி வகையை விரும்புபவர்கள் துண்டிப்பான் விஷயத்தில் சிறிதும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஒரு குளியலறை, சாதாரண ஷவர், அடுத்தடுத்துக் குளிக்கும் குடும்பம், குறைந்த இடம் என்றால் உடனடி வகை பொருத்தமானது. விலையும் பொதுவாகக் குறைவு. பெரிய ஷவர், ஒரே தொட்டியிலிருந்து இரண்டு குளியலறைகளுக்கு வெந்நீர், மலைப்பகுதி வீடு அல்லது மெயின் சுவிட்சின் அளவு குறைவு என்றால் தொட்டி வகை நல்லது. சொந்தத் தரைவீடு உள்ளவர்கள், கூரையில் பொருத்தும் சூரியசக்தித் தொட்டியையும் யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் மலேசியாவில் சிரிம் முத்திரையையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும். சுவிட்ச் பெட்டியிலிருந்து கருவிக்குத் தனிக் கம்பியும், குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்சும் இருக்க வேண்டும். சாதாரண மூன்று முனைப் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் உள்ளது. அதில் இந்தக் கருவியை மாட்டுவது, உருகும் பிளக்கிற்கும் தீ விபத்துக்கும் அழைப்பு விடுப்பதாகும். விளக்குக்குப் போகும் மெல்லிய கம்பியிலிருந்து இணைப்பு எடுப்பதும் அப்படித்தான். பதிவு பெற்ற வயர்மேனுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பது, மருந்துக்குக் கணக்குப் பார்ப்பது போன்றது.

ஏற்கெனவே வீட்டில் கருவி இருப்பவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சுவிட்ச் பெட்டியைத் திறந்து, துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்த்தால் போதும். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அது உயிரோடு இருக்கிறது. விழவில்லை என்றால், சுடுநீர்க் கருவியின் சுவிட்சை நிறுத்திவிட்டு, வயர்மேன் வந்து பார்க்கும் வரை பச்சைத் தண்ணீரில் குளிப்பதே புத்திசாலித்தனம். மாதம் ஒரு முறை, ஒரு நிமிட வேலை. கேலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள்.